ஜான் கீட்ஸும் ஒரு பரிசுப் புத்தகமும்

வட லண்டனில் எட்மண்டன் கிரீன் ரயில் நிலையத்தில் இறங்கி, சர்ச் தெரு வழியாகத்தான் நான் தினமும் வீட்டுக்கு நடக்கிறேன். அந்தத் தெருவில் கீட்ஸ் பரேட் என்று ஒரு சிறிய கடை வரிசை இருக்கிறது. கீட்ஸ் என்பது அந்தக் கட்டடத்தைக் கட்டிய காண்டிராக்டரின் பெயர் என்றே முதல் இரண்டு வருடங்கள் நினைத்திருந்தேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் நினைவுப் பலகை கண்ணில் பட்டது. கவிஞர் ஜான் கீட்ஸ் 1811 முதல் 1815 வரை தாமஸ் ஹாமண்ட் என்ற அறுவை வைத்தியரிடம் தொழில் பழகிய வீடு அந்த இடத்தில்தான் இருந்திருக்கிறது. வீட்டை 1931-இல் இடித்துவிட்டார்கள்.

நான் இலக்கியம் படித்தவன் அல்ல. பொறியியலில் முதுகலை முடித்து, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். கீட்ஸைப் பற்றி எனக்கு அதுவரை தெரிந்தது ஒன்றே ஒன்று: நியூட்டன் வானவில்லைப் பிரித்துப் போட்டு அதன் அழகைக் கெடுத்துவிட்டார் என்று புலம்பிய கவிஞர் அவர். கல்லூரி நாட்களில் ரிச்சர்ட் டாக்கின்ஸின் புத்தகம் ஒன்றைப் படித்ததால் வந்த அறிவு இது. கீட்ஸின் அந்தக் குற்றச்சாட்டையே தலைப்பாக்கி, அதற்குப் பதில் சொல்வதுபோல் 1998-இல் அவர் எழுதியது. ஆகவே கீட்ஸ் எங்கள் கட்சிக்காரர் அல்ல என்ற முடிவோடுதான் நூலகத்திலிருந்து அவருடைய வாழ்க்கை வரலாற்றை எடுத்து வந்தேன். படித்து முடித்தபோது கணக்கு வேறுமாதிரி இருந்தது.

கீட்ஸ் பிறந்தது 1795 அக்டோபர் 31. அப்பா தாமஸ் கீட்ஸ், லண்டன் மூர்கேட் பக்கம் மாமனாருக்குச் சொந்தமான குதிரை லாயத்தைக் கவனித்து வந்தவர். கவிஞர்களின் பிறப்பில் குடும்பப் பெருமை தேடுபவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. பின்னாளில் பத்திரிகை விமர்சகர்கள் அவரைக் கீழ்த்தட்டு மருந்துக்கடைப் பையன் என்று கேலி செய்ததற்கும் இந்தப் பின்னணிதான் காரணம். 1804-இல் அப்பா குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். கீட்ஸுக்கு அப்போது எட்டு வயது. இரண்டே மாதத்தில் அம்மா மறுமணம் செய்துகொண்டார். அது நிலைக்கவில்லை. பிள்ளைகள் பாட்டி வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பாட்டி வீடு இருந்ததும் எட்மண்டனில்தான். சிறுவன் கீட்ஸ் இங்குள்ள ஓடையில் குஞ்சு மீன்களைப் பிடித்துவந்து, பாட்டி வீட்டுத் தொட்டிகளில் விட்டு வளர்த்திருக்கிறான். பாட்டி என்ன சொன்னார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நம் பாட்டிகள் சொல்வதைத்தான் சொல்லியிருப்பார்.

படிப்பு, இரண்டு மூன்று மைல் தள்ளி என்ஃபீல்டில். ஜான் கிளார்க் நடத்திய பள்ளி அது. அந்தக் காலத்து ஆங்கிலப் பள்ளிகளில் கிரேக்கமும் லத்தீனும் பிரம்படியும்தான் பாடத்திட்டம் என்றால், இது கொஞ்சம் விலகிய இடம். இதைத் தொடங்கிய ஜான் ரைலண்ட் என்ற பாதிரியாருக்கு வானியலில் பெரிய மோகம். மாணவர்கள் கையில் ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்து, ஒருவனைச் சூரியனாக நடுவில் நிற்கவைத்து, மற்றவர்களைக் கோள்களாகவும் துணைக்கோள்களாகவும் மைதானத்தில் சுற்றவிட்டுப் பாடம் நடத்தியவர். கீட்ஸ் சேர்வதற்குப் பல வருடங்களுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் என்றாலும், பள்ளியின் காற்றில் அந்தப் போக்கு மிச்சமிருந்தது. (இந்தப் பள்ளிக் கட்டடம் பின்னர் என்ஃபீல்டு ரயில் நிலையமாக மாறி, 1872-இல் இடிக்கப்பட்டது. அதன் முகப்பில் ஒரு பகுதி மட்டும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.)

கீட்ஸ் ஆரம்பத்தில் படிப்பாளி அல்ல, சண்டைக்காரன். குள்ளமான உடம்பு, சட்டென்று வரும் கோபம். 1810 மார்ச்சில் அம்மா காசநோயில் இறந்தார். கடைசி நாட்களில் பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்டவன் இந்தப் பதினான்கு வயதுப் பையன். அதை ஒட்டிய காலத்தில் அவனுக்குப் படிப்பு வெறி பிடித்தது. சாப்பாட்டு மேசையிலும் புத்தகம். பள்ளி நூலகத்தில் இருந்த சரித்திரம், பயணம், புராண அகராதி என்று எல்லாவற்றையும் மேய்ந்து தீர்த்ததாகத் தலைமையாசிரியரின் மகன் சார்ல்ஸ் கௌடன் கிளார்க் எழுதியிருக்கிறார். கீட்ஸைவிட எட்டு வயது மூத்த இந்த கிளார்க்தான் அவனுக்கு அண்ணன், வாத்தியார், வாசக நண்பன் எல்லாம்.

பள்ளியில் நன்றாகப் படிப்பவர்களுக்குப் புத்தகம் பரிசளிப்பார்கள். 1809-இல் கீட்ஸுக்குக் கிடைத்தது வணிகச் சரக்குகளைப் பற்றிய ஓர் அகராதி. எந்தப் பையனுக்கும் தரக்கூடாத பரிசு என்பேன். 1811-இல் கிடைத்தது ஜான் பானிகாசில் எழுதிய வானியல் அறிமுக நூல்.

பானிகாசிலை இன்று யாருக்கும் தெரியாது. வூல்விச் ராணுவக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். சொந்தமாக எதையும் கண்டுபிடித்தவர் அல்ல. எண்கணிதம், இயற்கணிதம் என்று பாடநூல்கள் எழுதியவர். 1786-இல் வெளியான அவருடைய வானியல் நூல், ஓர் ஆசிரியர் மாணவனுக்கு எழுதும் கடிதங்களின் வடிவில் அமைந்தது. கணிதம் பழகாத பொது வாசகன் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காகவே, நடுநடுவே கவிதை வரிகளைத் தூவிவைத்தேன் என்று முன்னுரையில் சொல்லிக்கொள்கிறார். முகப்புச் சித்திரம் அவருடைய நண்பர், ஓவியர் ஃபியூசலி வரைந்து கொடுத்தது. சுருக்கமாகச் சொன்னால், இன்று நாம் வெகுஜன அறிவியல் என்கிறோமே, அந்த வகை. கெட்டிக்கார அறிவியலாளர்கள் கொஞ்சம் ஏளனமாகப் பார்க்கும் வகை.

புத்தகம் வந்த நேரத்தில் வானியலில் சூடான செய்தி ஒன்று இருந்தது. 1781 மார்ச் 13 இரவு, பாத் நகரத்தில் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து, தானே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கியில் வில்லியம் ஹெர்ஷல் ஒரு புதிய பொருளைப் பார்த்தார். ஹெர்ஷல் ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்த இசைக்கலைஞர், தேவாலய ஆர்கன் வாசிப்பவர். வானம் அவருக்கு அப்போது பொழுதுபோக்கு. புள்ளியாகத் தெரியாமல் சிறு வட்டமாகத் தெரிந்ததால், அது நட்சத்திரம் அல்ல என்பதுவரை அவருக்குப் புரிந்தது. நான்கு நாட்கள் கழித்துப் பார்த்தால் இடம் மாறியிருக்கிறது. வால்நட்சத்திரம் என்றுதான் அறிவித்தார். பிறகு லெக்ஸல் போன்றவர்கள் சுற்றுப்பாதையைக் கணக்கிட்டு, சனிக்கு அப்பால் சுற்றும் கோள் என்று நிறுவினார்கள். அதுதான் யுரேனஸ். வேடிக்கை என்னவென்றால், 1690-லேயே ஃபிளாம்ஸ்டீட் அதைப் பார்த்து, சாதாரண நட்சத்திரம் என்று அட்டவணையில் குறித்துவைத்திருந்தார். பார்த்தல் வேறு, கண்டுகொள்ளுதல் வேறு. மனித நினைவு எட்டிய காலம் முதல் மாறாதிருந்த கோள்களின் வரிசை திடீரென்று ஒன்று கூடியது. அந்தக் கதை பானிகாசிலின் நூலில் இருக்கிறது.

பரிசை வாங்கிய கையோடு கீட்ஸ், ஹாமண்டிடம் தொழில் பழகப் போனான். சர்ச் தெரு வீட்டில் தங்கி, மருந்து அரைப்பது, மாத்திரை உருட்டுவது, ரத்தம் எடுப்பது, காயம் கட்டுவது. இதில் அவன் பட்ட இன்பதுன்பங்களைப் பற்றி அதிகம் தெரியவில்லை. ஹாமண்டோடு உரசல் இருந்தது என்பது மட்டும் தெரிகிறது. ஆனால் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வயல் வழியே என்ஃபீல்டுக்கு நடந்துபோய், கிளார்க்கிடம் புத்தகங்களை மாற்றிக்கொண்டு வருவான். கிளார்க் படித்துக்காட்டிய ஸ்பென்ஸர்தான் அவனைக் கவிஞனாக்கியது என்பார்கள். முதல் கவிதை 1814 வாக்கில், எட்மண்டனில் எழுதப்பட்டது. அந்த நடைவழியை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். வயல் எல்லாம் இல்லை. போக்குவரத்து விளக்குகளும் கோழிக்கடைகளும்தான்.

1815 அக்டோபரில் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். (இனி மரியாதைப் பன்மை, வயது இருபது ஆகப்போகிறதே.) உடற்கூறு, வேதியியல், தாவரவியல் என்று முறையான படிப்பு. ஆஸ்ட்லி கூப்பரின் சொற்பொழிவுகளுக்கு அவர் எடுத்த குறிப்பேடு இன்றும் இருக்கிறது. ஓரங்களில் பூக்கள் வரைந்திருக்கிறார். சில மாதங்களிலேயே அறுவை மருத்துவருக்கு உதவியாளராக உயர்த்தப்பட்டார். மயக்கமருந்து வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அறுவை அது. அவர் உதவிய லூகாஸ், கைநயம் இல்லாதவர் என்று சக மருத்துவராலேயே குறிப்பிடப்பட்டவர். நோயாளியைப் பிடித்துக்கொள்ளும் கூட்டத்துக்கு நடுவே, இருபது வயது கீட்ஸ் கட்டுத்துணியோடு நின்றதைக் கற்பனை செய்துகொள்ளலாம். 1816 ஜூலை 25-இல் மருந்தாளர் தேர்வில் தேறினார்.

அந்த அக்டோபரில்தான் அது நடந்தது. லண்டனுக்குக் குடிவந்துவிட்ட கிளார்க், ஜார்ஜ் சாப்மனின் ஹோமர் மொழிபெயர்ப்பை இரவல் வாங்கி வைத்திருந்தார். பெரிய பழம்பதிப்பு. இருவரும் கிளார்க்கன்வெல் வீட்டில் உட்கார்ந்து விடிய விடியப் படித்தார்கள். கீட்ஸுக்குக் கிரேக்கம் தெரியாது. ஹோமரைப் பற்றிக் கேள்விப்பட்டது உண்டு, உள்ளே போனதில்லை. விடியலில் தேம்ஸைக் கடந்து தன் அறைக்கு நடந்துபோனார். காலை பத்து மணிக்கு கிளார்க் சிற்றுண்டிக்கு வந்தபோது மேசையில் ஒரு கடிதம் கிடந்தது. அதில் பதினான்கு அடிக் கவிதை. சாப்மனின் ஹோமரை முதன்முதலாகப் பார்த்ததைப் பற்றிய அந்தக் கவிதையை லீ ஹண்ட் தன் பத்திரிகையில் 1816 டிசம்பர் 1 அன்று வெளியிட்டார். கீட்ஸின் முதல் பெரிய கவிதை என்று எல்லாரும் ஒப்புக்கொள்வது இதைத்தான்.

ஹோமரைக் கண்டடைந்த பரவசம் எப்படி இருந்தது என்று சொல்ல, கீட்ஸ் இரண்டு உவமைகளைக் கொண்டுவருகிறார். ஒன்று, வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவனின் பார்வைக்குள் ஒரு புதிய கோள் நீந்தி வருவது. இன்னொன்று, மலைமேல் நின்று பசிபிக் கடலை முதன்முறை கண்டு வாயடைத்துப்போன ஸ்பானியர்கள். முதலாவது ஹெர்ஷல். ஐந்து வருடம் முன்பு கிடைத்த பரிசுப் புத்தகத்திலிருந்து வந்தவர் என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இரண்டாவது, பள்ளி நூலகத்தில் படித்த ராபர்ட்சனின் அமெரிக்க சரித்திரத்திலிருந்து.

நீந்தி வருவது என்பதை நான் முதலில் கவிஞர்களின் வழக்கமான அலங்காரம் என்று நினைத்துத் தள்ளினேன். பிறகு நண்பர் ஒருவரின் சிறிய தொலைநோக்கியில் சனியைப் பார்த்தேன். மோட்டார் இல்லாத கருவி. பூமி சுழல்வதால், கோள் கண்ணாடியின் ஒரு விளிம்பில் நுழைந்து, மெல்ல மிதந்து, மறு விளிம்பில் வெளியேறுகிறது. காற்றின் அசைவில் அதன் உருவம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிகிறது. கீட்ஸ் தொலைநோக்கியில் பார்த்தவரோ இல்லையோ, சொல் துல்லியம்.

இரண்டாவது உவமையில் பிழை. கீட்ஸ் கோர்ட்டெஸை நிறுத்தியிருக்கிறார். 1513-இல் அந்த மலையிலிருந்து பசிபிக்கைப் பார்த்தவர் பல்போவா. கோர்ட்டெஸ் மெக்சிகோவை வென்றவர். பள்ளியில் படித்தது இரண்டும் நினைவில் குழம்பிவிட்டது. இருநூறு வருடங்களாக இதைச் சுட்டிக்காட்டாத உரையாசிரியர் இல்லை. கவிதைக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம். அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். பள்ளியிறுதியோடு படிப்பு முடிந்துவிட்டது. ஆனால் பெ.நா. அப்புஸ்வாமியின் அறிவியல் கட்டுரைகள், கலைக்கதிர் பழைய இதழ்கள், சோவியத் காலத்தில் தமிழில் வந்த பெரெல்மானின் பௌதிகப் புத்தகம் எல்லாம் அவருடைய தகரப்பெட்டியில் இருந்தன. மின்சாரம் போகும் இரவுகளில் மொட்டைமாடியில் பாய் விரித்து, வானத்தைக் காட்டிப் பேசுவார். நான் பொறியியலுக்குப் போனதற்கு அந்த மாடிதான் காரணம். முதுகலை முடித்து ஊருக்குப் போயிருந்த விடுமுறையில், வந்திருந்த உறவினர்களிடம் அவர் வானத்திலேயே பிரகாசமானது துருவ நட்சத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கிட்டேன். பிரகாசமானது சிரியஸ், துருவ நட்சத்திரம் வரிசையில் ஐம்பதாவது இடத்தை ஒட்டித்தான் வரும், அதுவும் நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து எட்டு ஒன்பது பாகை உயரத்தில்தான் இருக்கும், நீங்கள் அதைச் சரியாகப் பார்த்திருக்கவே முடியாது என்று எல்லார் முன்னாலும் விளக்கினேன். ஒவ்வொரு தகவலும் சரி. அப்படியா என்று கேட்டுக்கொண்டார். அதன்பின் என்னிடம் அவர் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசியதில்லை.

கீட்ஸுக்கு வருவோம். வானவில் விவகாரம் என்ன? 1817 டிசம்பர் 28 அன்று ஓவியர் ஹேடன் வீட்டில் ஒரு விருந்து. வேர்ட்ஸ்வொர்த், சார்ல்ஸ் லாம், கீட்ஸ் எல்லாரும் இருந்தார்கள். ஹேடன் வரைந்துகொண்டிருந்த பெரிய ஓவியத்தில் கூட்டத்துக்கு நடுவே நியூட்டனின் முகத்தையும் சேர்த்திருந்தார். நன்றாகக் குடித்திருந்த லாம் அதைப் பிடித்துக்கொண்டு கேலி செய்ய, நியூட்டன் வானவில்லை முப்பட்டகத்து நிறங்களாகச் சுருக்கி அதன் கவிதையை அழித்துவிட்டார் என்று லாமும் கீட்ஸும் ஒத்துக்கொள்ள, கடைசியில் நியூட்டனின் நலத்துக்கும் கணிதத்தின் நாசத்துக்குமாக எல்லாரும் கோப்பையை உயர்த்தினார்கள். நியூட்டனின் நலத்துக்கும் சேர்த்துத்தான் குடித்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். இது மேசைக் கூத்து. (இந்த லாம் 33 வருடங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியில் கணக்கெழுதியவர். கடைசிக் காலத்தில் இதே எட்மண்டன் சர்ச் தெருவுக்குக் குடிவந்து 1834-இல் இறந்தார். புனிதர் அனைவர் தேவாலயத்து மைதானத்தில் அக்காவோடு புதைக்கப்பட்டிருக்கிறார். வாடகைக்கு இருந்த வீடு இன்னும் நிற்கிறது.)

அந்தக் குற்றச்சாட்டைக் கீட்ஸ் 1819-இல் எழுதிய லாமியா என்ற நெடுங்கவிதையில் வைத்தார் என்பது உண்மைதான். ஆனால் அது பாம்புப் பெண்ணொருத்தியின் காதலை ஒரு தத்துவவாதி திருமண விருந்தில் அம்பலப்படுத்தும் கதைக்குள் வரும் இடம். அதை மட்டும் பிய்த்தெடுத்து கீட்ஸை அறிவியலின் எதிரியாக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 1818 மே மாதம் நண்பர் ரெனால்ட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், தன் மருத்துவப் புத்தகங்களை யாருக்கும் கொடுத்துவிடாமல் வைத்திருப்பது நல்லதாயிற்று, மறுபடி படிக்கப்போகிறேன், அறிவின் எந்தத் துறையும் வீணில்லை என்ற பொருளில் எழுதியவரும் இதே கீட்ஸ்தான்.

நம் பாரதி 1910-இல் ஹாலி வால்நட்சத்திரத்தைப் பற்றி எழுதிய சாதாரண வருஷத்துத் தூமகேது என்ற கவிதையை நினைத்துக்கொண்டேன். அதன் வால் பல கோடி யோசனை நீளம், மிக மெல்லிய வாயுவால் ஆனது என்ற செய்திகளை அவர் தயங்காமல் கவிதைக்குள் கொண்டுவருகிறார். அவர் வானியலாளரிடம் பாடம் கேட்டவர் அல்லர். யாரோ பொதுமக்களுக்காக எளிமையாக்கி எழுதியதைப் படித்தவர். அந்த யாரோவின் பெயர் நமக்குத் தெரியாது. கீட்ஸ் விஷயத்தில் பானிகாசில் என்று ஒரு பெயராவது கிடைக்கிறது.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம், ஏனென்றால் கீட்ஸுக்கே அதிக நேரம் இருக்கவில்லை. மருத்துவத்தை விட்டார். 1817, 1818, 1820 என்று மூன்று புத்தகங்கள். தம்பி டாம் 1818 டிசம்பரில் காசநோயில் இறந்தார். அம்மாவைப் போலவே அவரையும் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் கீட்ஸ். 1820 பிப்ரவரி 3 இரவு, குளிரில் வீடு திரும்பிப் படுக்கையில் சாய்ந்தவர் இருமினார். போர்வையில் ஒரு துளி ரத்தம். மெழுகுவத்தியைக் கொண்டுவரச் சொல்லி அதன் நிறத்தைப் பார்த்தார். தமனி ரத்தம். அது தன் மரண உத்தரவு என்று நண்பர் பிரவுனிடம் அமைதியாகச் சொன்னார். வேறொரு கவிஞனாக இருந்தால் அது வெறும் ரத்தம். ஹாமண்ட் வீட்டிலும் கைஸிலும் படித்தவருக்கு அந்த நிறம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருந்தது. காசநோய்க் கிருமியை காக் கண்டுபிடிக்க இன்னும் 62 வருடங்கள் இருந்தன. அன்று மருத்துவம் அவருக்குச் செய்ய முடிந்ததெல்லாம் ரத்தம் எடுப்பதும் பட்டினி போடுவதும்தான். 1821 பிப்ரவரி 23 அன்று ரோமில் இறந்தார். வயது இருபத்தைந்து.

ரோமுக்குப் போன கப்பலில், தன்னிடமிருந்த ஷேக்ஸ்பியர் கவிதைத் தொகுதியின் வெற்றுப் பக்கமொன்றில் ஒரு கவிதையைத் திருத்தி எழுதிவைத்தார். ஃபேனி பிரானை நினைத்து எழுதியது என்பார்கள். இரவில் தனியாக, அசையாமல், இமைக்காமல் நிற்கும் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து, உன் நிலைத்தன்மை எனக்கு வேண்டும், ஆனால் உன் தனிமை வேண்டாம் என்கிறார். பெயர் சொல்லவில்லை. அசையாதது என்பதால் துருவ நட்சத்திரம் என்றே எல்லாரும் கொள்கிறார்கள். அதைக் கவிதையின் முதல் சொல்லிலேயே பிரகாசமான நட்சத்திரமே என்று கூப்பிடுகிறார். வானியல் நூலைப் பரிசாக வாங்கியவர். புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எட்மண்டனில் அது 51 பாகைக்குச் சற்று மேலே நிற்கிறது. மேகமில்லாத இரவில் எங்கள் கொல்லைக் கதவைத் திறந்தால், எதிர் வீட்டுப் புகைபோக்கிக்கு மேலே. போன வாரம் அப்பாவுக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னேன், அங்கே பனைமரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது இங்கே பாதி வானத்துக்கு மேலே ஏறி நிற்கிறது என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, நல்ல வெளிச்சமாய்த் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றேன்.